ஓவர்த்ரோ போனால் எத்தனை ரன்?

 

போன ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை மேட்டில் நடந்த மேட்ச்சுக்கு நான்தான் ஸ்கோர் எழுதினேன். கடைசிப் பந்து. எதிர் டீம் ஜெயிக்க 6 ரன் வேணும், 5 எடுத்தால் டை. அடிச்சாங்க, ஒரு ரன் ஓடி முடிச்சாங்க, ரெண்டாவதுக்குத் திரும்பினாங்க. அப்போ எங்க பெரியம்மா பொண்ணு அக்கா பந்தை எறிஞ்சாங்க. கீப்பர் கைக்கு வராமல் அது வலை காயப் போட்ட இடத்துக்கே போயிடுச்சு. அதுதான் எங்க பவுண்டரி. ஓடினது 2, பவுண்டரி 4, ஆக 6 என்று எழுதிட்டேன். அக்கா டீம் தோத்துப் போச்சு. "நான் எறியும்போது அவங்க பாதி தூரம்கூட வரலடி"ன்னு அக்கா சொன்னாங்க. நான் கேட்கலை. அன்றிலிருந்து அவங்க என்கிட்ட பேசறதில்லை.

பி.டி. சாரிடம் கேட்டேன். கிரிக்கெட் விதி 19.8 பற்றிச் சொன்னார். ஓவர்த்ரோ பவுண்டரிக்குப் போனால் 4 ரன் உண்டு. அதற்கு முன்னால் ஓடி முடித்த ரன்னும் உண்டு. பாதியில் இருக்கிற ரன்னில்தான் எல்லாருக்கும் குழப்பம். ஃபீல்டர் பந்தை எறிந்த அந்த நொடியில், ஓடுகிற இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கடந்திருந்தால்தான் அதுவும் சேரும். பந்து பவுண்டரியைத் தொடும்போது அவர்கள் எங்கே இருந்தாலும் அது கணக்கில் வராது.

பெரிய அம்பயர்களே இதில் தவறியிருக்கிறார்கள்! 2019 ஜூலை 14, லார்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இங்கிலாந்துக்கு 3 பந்தில் 9 ரன் தேவை. நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்குப் பாய்ந்து விழுந்த ஸ்டோக்ஸின் பேட்டில் பட்டு பவுண்டரிக்கு ஓடியது. இலங்கை அம்பயர் தர்மசேனா 6 கொடுத்தார். ஆனால் கப்டில் எறிந்தபோது ஸ்டோக்ஸும் ரஷீதும் இன்னும் கடக்கவில்லை. 5 தான் சரி என்று முன்னாள் அம்பயர் டாஃபல் சொன்னார். அடுத்த பந்தை ரஷீத்தான் ஆடியிருக்கணுமாம். பேட்டில் பட்ட நொடியைப் பார்க்கக் கூடாதா என்று நானும் கேட்டேன். கூடாதாம். ஃபீல்டர் செய்த செயலைத்தான் பார்க்கணும், பேட்டில் பட்டது தற்செயல். மேட்ச் 241-க்கு டை ஆனது, சூப்பர் ஓவரும் டை. கடைசியில் பவுண்டரி அதிகம் அடித்ததாக இங்கிலாந்துக்குக் கோப்பை போனது. (அந்தப் பவுண்டரி விதியை அதே வருஷம் எடுத்துட்டாங்க.) தவறுதான் என்று தர்மசேனாவே பிறகு ஒத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஆடும் பேஸ்பாலிலும் பந்து தவறி வெளியே போனால் ஓடுபவருக்கு 2 பேஸ் இலவசம். எங்கிருந்து எண்ணுவது? பெரும்பாலும் எறிந்த நொடியில் அவர் நின்ற இடத்திலிருந்துதான். அங்கேயும் இதே சண்டை இருக்கும் போல!

அக்கா சொன்னதை நான் அன்னைக்கே கேட்டிருந்தால் போதும். ஸ்கோர் நோட்டில் 6-ஐ அடிச்சு 5 என்று எழுதிட்டேன். மேட்ச் டை. இன்னைக்கு சாயந்திரம் நோட்டை எடுத்துக்கிட்டு பெரியம்மா வீட்டுக்குப் போறேன்.