ஒரே ஓய்வூதியம், இரு வாழ்க்கைகள்

நவம்பர் மாதத்தில், கொல்கத்தா லேக் கார்டன்ஸ் பகுதியின் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழ் அளிக்க வருவார்கள். இருவருக்கு வரவாகும் தொகை ஒன்றாகவே இருக்கலாம். ஒருவர் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடைபயிற்சியை முடித்து வருகிறார். மற்றவர் பேரனின் தோளைப் பற்றி வருகிறார். அவருடைய ஓய்வூதியத்தில் பாதி மருந்துக்கடைக்குப் போகிறது. நம் கணினியிலோ இருவரும் ஒரே வருமானப் பிரிவினர்.

‘ஆண்டு வருமானம்’ என்னும் கட்டம் எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் இந்நகரில் பயின்றவரே. பிரசிடென்சி கல்லூரி மாணவரான அமர்த்தியா சென், 23 வயதைத் தொடும் பருவத்தில், 1956இல் அருகிலுள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறைத் தலைவரானார். 1943 வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்டவர் அவர். அவ்வாண்டு வங்கத்தில் இருந்த உணவு 1941இல் இருந்ததைவிடக் குறைவன்று என்று 1981இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அரிசி விலை ஏறியது. நிலமற்ற கூலியாளின் கூலி அதற்கு ஈடாக ஏறவில்லை. மொத்த இருப்பு மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரியவில்லை.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. லினன் சட்டையின்றிப் பொதுவிடத்தில் தோன்றக் கூலியாளும் நாணுவான் என்று ஆடம் சுமித் 1776லேயே எழுதினார். பொருளைவிட, அதைக்கொண்டு ஒருவர் எவ்வாறு வாழ இயலும் என்பதே சென்னின் கேள்வி.

அதற்கோர் எண்வடிவம் தந்தவர் அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பர், பாகிஸ்தானியரான மஹ்பூப் உல் ஹக். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் இணைத்த மனித மேம்பாட்டுக் குறியீடு 1990இல் வெளிவந்தது. வாழ்க்கையை ஒற்றை எண்ணுக்குள் அடக்கச் சென் முதலில் தயங்கினார். அத்தயக்கம் நியாயமானதென்றே கருதுகிறோம். ஆயினும் எண் இல்லாத கோப்பை எவரும் திறப்பதில்லை என்பதும் நம் அலுவலக அனுபவம்.

2010 முதல் இக்குறியீட்டைக் கணக்கிடப் பெருக்குச் சராசரி பயன்படுகிறது. 0.9, 0.9, 0.3 என்னும் மூன்றின் கூட்டுச் சராசரி 0.7, பெருக்குச் சராசரியோ ஏறத்தாழ 0.62. ஒரு துறையின் மிகுதி மற்றொன்றின் குறையை முழுதும் மறைக்காது.

மூத்த வாடிக்கையாளர் சேமிப்பு முழுவதையும் ஐந்தாண்டு வைப்பில் இடக் கேட்கும்போது, மாத மருந்துச் செலவு எவ்வளவு என்று நாம் வினவுவது இதனால்தான். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. முதிர்வுக்கு முன் எடுத்தால் பொதுவாக வட்டி குறையும். ஆகவே ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்கில் விட்டு, எஞ்சியதைச் சிறு வைப்புகளாகப் பிரித்திடலாம். அவசரத்திற்கு ஒன்றை மட்டும் முறித்தால் போதும்.