பசிக்கு முன்னே பயிர்: தேடுதலும் விளைத்தலும்



இக்காலச் சிறுவர்கள் கைப்பேசியிலும் கணினியிலும் விரும்பி ஆடும் விளையாட்டுகளுள் 'மைன்கிராஃப்ட்' என்பதும் ஒன்றாகும். சுவீடன் நாட்டில் உருவாகி, 2011ஆம் ஆண்டில் முழு வடிவம் பெற்று வெளிவந்த இவ்விளையாட்டில், ஆடுபவர் ஆளில்லாத நிலமொன்றில் வெறுங்கையோடு விடப்படுகின்றார். நேரம் செல்லச் செல்ல அவருக்குப் பசி மிகுகின்றது. முதலில் காட்டில் கிடைத்ததைத் தேடி உண்ண வேண்டும். புல்லைக் களையும்போது கோதுமை விதை கிடைக்கும். நிலத்தைக் கொத்தி, நீருக்கு அருகே அவ்விதையை இட்டால் பயிர் விளையும். விளைந்ததையெல்லாம் உண்டு தீர்த்தவர் மறுபடியும் பசியால் வாடுவார். விதையை மிச்சம் வைத்தவர் பிழைத்துக்கொள்வார்.

இவ்விளையாட்டைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. முதலில் தேடுக, உடனே விளைக்கத் தொடங்குக, விதையை உண்ணாதிருக்க என்னும் மூன்று பாடங்களும் நல்ல பாடங்களே. ஆயினும் விளையாட்டிற்கும் வாழ்க்கைக்கும் இடையே இரண்டு பெரிய வேறுபாடுகள் உள. விளையாட்டில் பயிர் சிறிது நேரத்தில் விளைந்துவிடும்; மண்ணிலோ அதற்கு மாதங்கள் வேண்டும். விளையாட்டில் மாண்டவர் மீண்டும் எழுந்து ஆடலாம். நச்சுக் கிழங்கை உண்ட பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே, நம் தோட்டங்களின் மண்ணில் தேடுதலும் விளைத்தலும் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விழைகின்றோம்.

நம் முன்னோர் கற்ற பாடம்

இவ்விளையாட்டைத் தம் உயிரையே பணயமாக வைத்து ஆடியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் தரையிறங்கியது. சில நாள்களில் கெடாவின் ஜித்ராவில் போர் நிகழ்ந்தது. அம்மாதத்தின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் படை நம் திகாம் பத்துவை ஒட்டி ஓடும் மூடா ஆற்றைக் கடந்து தெற்கே பின்வாங்கிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது.

போருக்கு முன் மலாயா உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. அந்த வரவு அற்றுப்போயிற்று. மேலை நாடுகளுக்கு இரப்பர் விற்கும் வழியும் அடைபட்டதால், பால்மரக் காடுகளில் வேலை நின்றது, கூலியும் நின்றது. கெடா நெல் விளையும் மாநிலமே. எனினும் தோட்டத்து மக்களிடம் வயல் இல்லை. அவர்கள் அரிசியை வாங்கி உண்டவர்களேயன்றி விளைத்தவர்கள் அல்லர். பல்லாயிரம் தமிழர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பி வரவேயில்லை. 1943 அக்டோபரில் கெடா மாநிலமும் சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. லயங்களில் எஞ்சியிருந்த பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் கிடைத்த நிலத்தைக் கொத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டு உயிர் காத்தனர். 'ஜப்பான்காரன் காலம்' என்றதும் முதியோர் நாவில் மரவள்ளிக்கிழங்கின் பெயரே முதலில் வருவது இதனால்தான்.

தென்னமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கு வேறு நாட்டிலும் இவ்வாறு கைகொடுத்ததுண்டு. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா மரவள்ளி பயிரிடுமாறு குடிகளை ஊக்கினார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், அதே போரில் பர்மா அரிசி நின்றபோது, அந்நாட்டு ஏழைகளின் வயிற்றை நிரப்பியது அக்கிழங்கே.

பசியின் நாட்காட்டி

வேளாண்மையில் புதிதாக இறங்குவோர் முதலில் அறிய வேண்டியது எந்த உணவு எத்தனை நாளில் கைக்கு வரும் என்பதே. மரவள்ளி நட்ட எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களில் முற்றும். சர்க்கரைவள்ளிக்கு மூன்று முதல் நான்கு மாதங்கள் வேண்டும். காராமணிக்கு ஏறத்தாழ இரண்டு மாதங்கள். தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் மூன்று அல்லது நான்கு வாரங்களில் பறிக்கத் தகும். வேலியோரத்து முருங்கைக் கீரையோ இன்றே கிடைக்கும்.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். பசி வந்த பிறகு மரவள்ளி நடுபவர் எட்டு மாதம் காத்திருக்க இயலாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கே தேடுதல் பயன்படுகின்றது. காட்டுக் கீரை முதல் வாரத்தைக் காக்கும். விதைத்த கீரை முதல் மாதத்தைக் காக்கும். கொடிவகைகள் அடுத்த பருவத்தைக் காக்கும். மரவள்ளி அடுத்த ஆண்டைக் காக்கும். எனவே நான்கையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று எண்ணுவது தவறாகும்.

தேடுவோர்க்குச் சில விதிகள்

நம் வட்டாரத்தில் முருங்கை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, பசளை, மணத்தக்காளி, ஓடையோரத்துக் கங்கோங், மலாய்க்காரர் 'பாக்கு' என வழங்கும் பெரணியின் இளங்கொழுந்து ஆகியவை உண்ணத்தக்கவை. இவற்றைத் தேடுவோர் கீழ்க்காணும் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவது, பெயர் தெரியாததைப் பறிக்கலாகாது. அறிந்த பெரியவர் ஒருவர் செடியைக் கையில் வாங்கிப் பார்த்து 'ஆம்' என்று சொன்ன பிறகே அது அடுப்பிற்குச் செல்ல வேண்டும். குரங்கு தின்றது, பறவை கொத்தியது என்பன சான்றாகா. தானே முளைத்த காளான்களைச் சிறுவர்கள் தொடவே வேண்டா.

இரண்டாவது, உண்ணத்தக்க செடியிலும் உண்ணத்தகாத பகுதி உண்டு. மணத்தக்காளியின் கீரையைச் சமைக்கலாம். நன்கு பழுத்த கருநிறப் பழத்தை உண்ணலாம். பச்சைக் காயில் நச்சு உண்டு. சேம்பின் இலையையும் கிழங்கையும் நன்கு வேக வைக்காவிடில் வாயும் தொண்டையும் அரிக்கும்; ஊசிபோன்ற நுண்படிகங்கள் அதில் இருப்பதே காரணம். காட்டில் கிடைக்கும் 'ஊபி காடோங்' என்னும் கிழங்கு கொடியது. அதைப் பல நாள் நீரில் ஊறவைத்து நச்சு நீக்கும் முறையை அறிந்தோர் சிலரே. மற்றையோர் அதனை அணுகாதிருத்தல் நலம்.

மூன்றாவது, பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் இரப்பர்க் கொட்டையைக் கடித்துத் தின்னலாகாது. பச்சைக் கொட்டையில் சயனைடு என்னும் கொடிய நஞ்சை விளைவிக்கும் பொருள் உள்ளது.

நான்காவது விதியே தோட்டத்தில் வாழும் நமக்கு மிக முக்கியமானது. மருந்து தெளித்த இடத்தில் கீரை பறிக்கக் கூடாது. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 சனவரி 1 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் செம்பனை நிரைகளில் தெளிக்கப்படுகின்றன. தெளித்த அன்று கீரை வாடாமல் பசுமையாகவே இருக்கும்; கண்ணால் கண்டறிய முடியாது; கழுவினாலும் முற்றும் போகாது. எந்த நிரையில் என்று மருந்தடித்தார்கள் என்பது அவ்வேலை செய்யும் தாய் தந்தையர்க்கே தெரியும். எனவே, அவ்வேலையில் உள்ள பெற்றோர் அன்றன்று வீடு திரும்பியதும் அதனைப் பிள்ளைகளிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டுகிறோம். மருந்து வந்த வெற்றுப் புட்டிகளில் நீரோ உணவோ வைப்பதும் கூடாது.

எதையேனும் உண்டபின் வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல் தோன்றினால் வீட்டு வைத்தியத்தில் காலம் கடத்தாது, உண்ட செடியின் ஒரு பகுதியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

விளைக்கும் முறை

தோட்ட நிலத்தில் நடுவதற்கு முன் நிர்வாகத்தின் இசைவைப் பெறுதல் முறையாகும். நடுவதற்கு ஏற்ற காலத்தையும் அறிதல் வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழகத்து மழையை நோக்கிப் பிறந்த பழமொழி. நம் கெடாவிலோ ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. ஏப்ரல் வாக்கில் மழை திரும்பும். செப்டம்பர், அக்டோபரில் மிகுதியாகப் பெய்யும். ஏப்ரல் மழையோடு மரவள்ளி நட்டால், அடுத்த வறட்சி வருமுன் அது வேரூன்றிவிடும்.

மரவள்ளிக்கு விதை வேண்டா. முற்றிய தண்டே போதும். ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தில் துண்டுகளாக வெட்டி, கணுக்கள் மேல்நோக்கி இருக்கும்படி, மேட்டுப் பாத்தியில் மூன்றடிக்கு ஒன்றாக நட வேண்டும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். சர்க்கரைவள்ளிக்கு ஓரடி நீளக் கொடித்துண்டு போதுமானது. அதன் இளந்தளிரும் நல்ல கீரையே. மாட்டெருவும் சமையற்கழிவும் உரமாகும். வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளைப் பாத்திகளுக்கிடையே பரப்பினால் ஈரம் காக்கும். நீர் சேமிக்கும் தொட்டிகளை மூடிவைக்க மறவாதீர். திறந்த நீரில் டெங்கிக் கொசு பெருகும்.

அறுவடை நாளிலேயே அடுத்த நடவுக்கான தண்டுகளை எடுத்து நிழலில் நிறுத்திவைக்க வேண்டும். தோண்டிய மரவள்ளி இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட்டுவிடும். ஆகவே வேண்டும்போது வேண்டிய செடியை மட்டும் தோண்டுக. மண்ணே அதன் களஞ்சியம். மரவள்ளி மண்ணின் வளத்தை மிகுதியாக உறிஞ்சுமாதலின், மறுபருவத்தில் அவ்விடத்தில் காராமணியோ நிலக்கடலையோ விதைப்பது நன்று. பயறு வகைகளின் வேரிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கும். அதனால் மண்ணும் வளம் பெறும்.

சமைக்கும் முறையும் உண்ணும் முறையும்

மரவள்ளியிலும் சயனைடு விளைவிக்கும் பொருள் உண்டு. கசப்பு வகையில் அது மிகுதி. தோலை முழுவதும் உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, நிறைந்த நீரில் மூடாது வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது. அதன் கொழுந்தையும் இவ்வாறே நன்கு வேகவைத்து நீரை வடித்தபின் சமைக்க வேண்டும்.

இன்னொன்றும் உளது. மரவள்ளி வயிற்றை நிரப்பும், உடலை வளர்க்காது. அதில் மாவுச்சத்தே மிகுதி. புரதம் மிகக் குறைவு. போர்க்காலத்தில் கிழங்கை மட்டுமே உண்டு வாழ நேர்ந்தவர்கள் பசி தணிந்தும் உடல் மெலிந்து நோயுற்றனர். ஆகவே, ஒரு கிழங்கு, ஒரு கீரை, ஒரு பயறு என்னும் மூன்றும் தட்டில் சேர வேண்டும். காராமணி, பாசிப்பயறு, மலாய்க்காரர் 'காச்சாங் போத்தோல்' எனும் சிறகவரை ஆகியவை நம் மண்ணில் எளிதில் வளர்வன. கோழி வளர்ப்போர்க்கு முட்டையும் துணையாகும்.

இன்றும் வேண்டுமோ?

கடையில் அரிசி கிடைக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் அவர்கள் காலத்தில், வீட்டு நிலத்தில் உணவுப்பயிர் வளர்க்க 'பசுமை நூல் திட்டம்' தொடங்கப்பட்டது. 2020 மார்ச்சு 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, நாட்கூலி பெறுவோர் பலர் வருவாயின்றித் தவித்தனர். 2023 சூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது; அவ்வாண்டில் நம் நாட்டுக் கடைகளில் உள்ளூர் அரிசி கிடைக்காமல் மக்கள் அலைந்தனர். வரும் துன்பம் முன்னறிவித்து வருவதில்லை. ஆனால் மரவள்ளிக்கு எட்டு மாத முன்னறிவிப்பு வேண்டும்! இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர் இன்றே நடத் தொடங்குவார்.

மேலும், எந்தக் கீரை நல்லது, எந்தக் கிழங்கு நஞ்சு என்னும் அறிவு பெரும்பாலும் நம் பாட்டிமாரின் நினைவிலேயே வாழ்கின்றது. பால்மரங்கள் செம்பனையாக மாறி, லயத்து மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்து வரும் இந்நாளில், கேட்பாரின்றி அவ்வறிவு மறைந்துபோக விடலாகாது.

மாணவர்களே! இவ்விடுமுறையில் மூன்று செயல்களைச் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவருடன் வேலியோரம் நடந்து, அவர் காட்டும் ஐந்து கீரைகளின் பெயரையும் படத்தையும் குறிப்பேட்டில் பதிவுசெய்யுங்கள். ஒரு பாத்தியில் கீரை விதையுங்கள். நல்ல வகையென அறிந்தவர் தோட்டத்திலிருந்து ஐந்து மரவள்ளித் தண்டுகளைக் கேட்டு வாங்கி நடுங்கள். விளையாட்டில் நீங்கள் காட்டும் பொறுமையில் பாதியை மண்ணிடம் காட்டினாலும், அடுத்த ஆண்டு உங்கள் வீட்டு அடுப்பில் உங்கள் கையால் விளைந்த கிழங்கு வேகும். நடுவதற்குத் தண்டும் மிஞ்சும்.