மலைச் சரக்குக்கு இணையத்தில் ஒரு கடைப்பலகை

70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்கும் கொல்லிமலைச் சரக்குக்கு அறிமுகம் தேவையில்லை. மிளகு, பலா, அன்னாசி, வாழை, காப்பி, சாமை என எதுவானாலும் மலையின் பெயரைச் சொன்னாலே வாங்குவோர் உண்டு. சங்கடமும் இதில்தான் இருக்கிறது. செல்போனில் 'கொல்லிமலை மிளகு' என்று தேடும் வாடிக்கையாளருக்கு, அந்த மலையையே பார்த்திராத ஒருவரின் பக்கம் முதலில் வந்தால் ஆர்டர் அவருக்குத்தான் போகும். சோளக்காடு சந்தையில் நேரடியாகக் கொள்முதல் செய்யும் நம்மவரின் தரமான சரக்கு கண்ணில் படாமலே போய்விடும்.

ஆகவே, இணையதளம் வைத்திருந்தால் மட்டும் போதாது. அதைப் பலர் பார்க்க வேண்டும். பார்த்தவர் நாலு பேருக்கு அனுப்ப வேண்டும். அதற்கான வழிகளில் பெரும்பாலானவை செலவில்லாதவை.

பக்கம் கனக்கக் கூடாது

செல்போனில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 எம்.பி. வரை இருக்கும். அப்படிப் பத்துப் படங்களை அப்படியே ஏற்றினால், சிக்னல் குறைந்த இடத்தில் பக்கம் திறக்கவே திறக்காது. திறக்க 3 விநாடிக்கு மேலானால் செல்போனில் வருவோரில் 53 சதவீதம் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள் என்று 2016ல் கூகுள் வெளியிட்ட ஆய்வு கூறியது. கடை வாசலில் மூட்டையை அடுக்கி வழியை மறிப்பதற்கு ஒப்பானது இது. ஒவ்வொரு படத்தையும் 200 கே.பி.க்குள் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள்.

எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

விலைப்பட்டியலைத் தாளில் அச்சடித்து, அதைப் படமெடுத்துப் போடுவோர் நம்மில் பலர். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தமிழக அரசு 2010ல் தரமாக ஏற்ற யூனிகோடு முறையிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் வாடிக்கையாளரின் போனில் புரியாத குறிகளாகத் தெரியும்.

ஒரு சரக்கு, ஒரு பக்கம்

எல்லாச் சரக்கையும் ஒரே பக்கத்தில் திணிக்க வேண்டாம். மிளகுக்கு ஒரு பக்கம், சாமைக்கு ஒரு பக்கம், காப்பிக்கு ஒரு பக்கம் என வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இணைப்புக் கொடுங்கள். மிளகு வாங்க வந்தவர் காப்பியையும் பார்த்துவிட்டுப் போவார். மிளகுப் பக்கத்தில் 'முதல்தரம்' என்று மட்டும் எழுதாமல், எந்த மாதம் பறித்தது, ஈரப்பதம் எவ்வளவு, ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பதையும் எழுதுங்கள். மொத்த வியாபாரி கேட்கும் கேள்விகள் இவைதானே!

எதை அனுப்புவார்கள்?

விலைப்பட்டியலை யாரும் உறவினருக்கு அனுப்புவதில்லை. பயன்படும் செய்தியைத்தான் அனுப்புகிறார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் பல ஆண்டுகளாகச் செய்த பணியில், சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மகளிர் குழுக்கள் மூலம் அரைத்துப் பாக்கெட்டில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தன. தானியத்தை வெறும் மூட்டையாக விற்காமல் சமைக்கத் தயாரான பொருளாக விற்றதுதான் அதிலுள்ள பாடம். சாமைச் சோறு குழையாமல் வடிப்பது எப்படி, நல்ல மிளகை நீரில் போட்டுப் பார்ப்பது எப்படி என்று பத்து வரி எழுதிப் பாருங்கள். அது ஊர் ஊராகப் போகும். கூடவே உங்கள் கடைப் பெயரும் போகும்.

வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போது தலைப்பு, இரண்டு வரி விளக்கம், ஒரு படம் ஆகியவை தெரிய வேண்டும். 'ஓப்பன் கிராஃப்' எனப்படும் குறிப்புகளைப் பக்கத்தில் சேர்த்தால் இது நடக்கும். தளம் அமைப்பவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தின் அடியில் வாட்ஸ்அப் பொத்தானும் வைக்கச் சொல்லுங்கள்.

முகவரி மாறக் கூடாது

ஆண்டுதோறும் புதுப் பக்கம் போட்டுப் பழையதை அழித்தால், பலரும் அனுப்பி வைத்த இணைப்புகள் செத்துப் போகும். அதே முகவரியில் விலையையும் தேதியையும் மட்டும் மாற்றுங்கள். ஆடி 18ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு வருவோர் ஆனி மாதமே தேடத் தொடங்குவார்கள். அதற்குள் பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

குறுக்கு வழி வேண்டாம்

பார்வை எண்ணிக்கைக்காக ஒரு செய்தியைப் பத்துத் துண்டாக்குவதும், திறந்தவுடன் விளம்பரத்தால் திரையை மறைப்பதும் வாடிக்கையாளரை விரட்டும். செல்போனில் திரையை மறைக்கும் பக்கங்களை 2017 ஜனவரி முதல் கூகுள் பின்னுக்குத் தள்ளி வருகிறது. பாக்கெட் பொருளை இணையத்தில் விற்போர் அதிகபட்ச விலை, நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, புகார் தொடர்பு ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இதைக் கடைப்பிடிப்பது சட்டத்துக்கு மட்டுமல்ல, நம்பிக்கைக்கும் நல்லது.

ஆயிரம் பேர் பார்த்து ஒருவரும் வாங்காவிட்டால் கல்லா நிறையாது. போனில் பேசுபவரிடம் 'எங்களை எப்படி அறிந்தீர்கள்?' என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எந்தப் பக்கம் வியாபாரம் தருகிறது என்பதை அந்த நோட்டு சொல்லும். முதல் வேலையாக இன்றே உங்கள் கடையின் பக்கத்தை வேறொருவர் போனில் திறந்து பாருங்கள். குறைகள் தாமே தெரியும்.