லெனாட் வுல்ப் விட்டுச் சென்ற தாள்கள்

ஓர் எழுத்தாளர் வெளியிட்ட நூல்களை நாம் நூலகத்திலே தேடிப் படிக்கிறோம். அவர் வெளியிட நினையாதவற்றை எங்கே தேடுவது? நண்பருக்கு எழுதிய கடிதம், நாட்குறிப்பு, கணக்குக் கொப்பி, வெட்டியும் திருத்தியும் எழுதிய மூலப்பிரதி ஆகியவற்றைச் சேர்த்துப் பேணுவதற்கென்றே பல பல்கலைக்கழகங்கள் தனிப்பிரிவுகளை வைத்திருக்கின்றன. அத்தகைய தொகுதிகளுள், இலங்கையரான நாம் அறிந்திருக்க வேண்டிய ஒன்றைப் பற்றியே இன்று நேயர்களுடன் பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், பிரைற்றன் நகருக்கு அண்மையில் இருக்கிறது சசெக்ஸ் பல்கலைக்கழகம். 1961 இல் தோன்றிய அது ஒக்ஸ்போர்ட் போலவோ கேம்பிரிட்ஜ் போலவோ பழம்பெருமை உடையதன்று. ஆயினும் லெனாட் வுல்பின் தாள்கள் அங்கேதான் இருக்கின்றன. அவர் இறுதிவரை வாழ்ந்த றொட்மெல் கிராமம் அதற்குக் கிட்டியது. 1969 இல் அவர் மறைந்த பின், அவரது உரித்தாளரான ற்றெக்கி பார்சன்ஸ் அம்மையார் அத்தாள்களைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். மனைவி வேர்ஜினியா வுல்பின் தாள்களும் அவர்கள் வாழ்ந்த வீட்டின் பெயரால் 'மங்க்ஸ் ஹவுஸ்' தாள்கள் என்று அங்கே தனித் தொகுதியாக உள்ளன. 2013 இல் திறக்கப்பட்ட 'த கீப்' என்னும் காப்பகத்தில் இப்போது இவை பேணப்படுகின்றன.

காப்பகம் வேறு, நூலகம் வேறு. நூலகத்தில் ஒரு நூல் தொலைந்தால் வேறொரு பிரதியை வாங்கலாம். காப்பகத்தில் உள்ளதோ ஒரே பிரதி. நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதுபோல் தாள்களைக் கலைத்து அடுக்குவதும் இல்லை. உரியவர் எந்தக் கடிதத்தை எதனோடு சேர்த்துக் கட்டிவைத்தாரோ, இயன்றவரை அந்த ஒழுங்கையே காப்பது காப்பகத்தாரின் மரபு. கடிதம் மட்டுமன்று, அதன் அயலும் சான்றுதான்.

வுல்ப் நமக்கு அந்நியர் அல்லர். 1904 டிசெம்பரில், 24 வயதில், வோல்ற்றேயரின் நூற்றொகுதிகளோடும் ஒரு நாயோடும் கொழும்பில் வந்திறங்கியவர். (நாயைக் கொண்டுவந்ததில் வியப்பில்லை, வோல்ற்றேயரைக் கச்சேரி உத்தியோகத்துக்குக் கொண்டுவந்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.) அடுத்த மாதமே யாழ்ப்பாணக் கச்சேரியில் பணி. 1906 இல் மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பைக் கண்காணித்தார். பின்னர் கண்டி. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபர். விடுமுறையில் தாயகம் சென்றவர் 1912 இல் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே வேர்ஜினியாவை மணந்தார்.

இந்த ஆறரை ஆண்டுகள் மூவகை எழுத்துகளாய் எஞ்சியுள்ளன. முதலாவது, லிற்றன் ஸ்ற்றேச்சி முதலிய நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள். 1989 இல் வெளிவந்த அவரது கடிதத் தொகுப்பில் இவற்றைக் காணலாம். படிக்க இனிமையானவை அல்ல. வெயில், தனிமை, சக வெள்ளையர்மீது வெறுப்பு, நம்மவர்மீது இளக்காரம் எல்லாம் அவற்றில் உண்டு. இரண்டாவது, அம்பாந்தோட்டையில் கடமையின்பொருட்டு எழுதிய உத்தியோக நாட்குறிப்பு. அது அரசாங்கத்தின் ஆவணமாகையால் அவருடன் போகவில்லை. இங்கேயே இருந்து 1962 இல் அச்சேறியது. உப்பு, தெரு, மாட்டுக் கொள்ளைநோய், சேனைப் பயிர்ச்செய்கை என்று ஒரு கண்டிப்பான அதிகாரியின் குரல் அதில் ஒலிக்கிறது.

மூன்றாவது, 1913 இல் வெளிவந்த 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' நாவலின் கையெழுத்துப் பிரதி. இது பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதனைக் கொண்டு யஸ்மின் குணரத்ன 2004 இல் ஓர் ஆய்வுப் பதிப்பை வெளியிட்டார்.

மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதிகாரியின் ஏட்டிலே சேனை என்பது அனுமதி கொடுப்பதும் மறுப்பதுமான விவகாரம். நாவலிலோ, ஊர்த் தலைமைக்காரனின் பகையால் அனுமதி மறுக்கப்பட்ட சிலிந்துவின் குடும்பம் பசியால் வாடுகிறது. அந்தப் பசியிலிருந்துதான் பின்வரும் பொய்வழக்கும் கொலையும் வளர்கின்றன. மறுக்கும் அதிகாரம் உடைய நாற்காலியில் இருந்தவரே அதை எழுதினார் என்பதை மறக்கலாகாது. மேலிடத்துக்கு எழுதியபோது சொல்லாததை, உற்ற நண்பருக்கு எழுதியபோதும் சொல்லாததை, அவர் கற்பனையிலேதான் சொல்ல முடிந்தது. நாவல் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் அவரை வெறும் நல்லவர் என்று எண்ணியிருப்போம். கடிதங்கள் மட்டும் கிடைத்திருந்தால் நாவலை நம்பியிருக்க மாட்டோம்.

சசெக்ஸ் தொகுதியில் இலக்கியம் மட்டும் இல்லை. பிரித்தானியத் தொழிற்கட்சியின் ஏகாதிபத்திய விவகார ஆலோசனைக் குழுவுக்கு வுல்ப் நெடுங்காலம் செயலாளராக இருந்தார். அந்த அரசியற் பணியின் தாள்களும் அங்கே உள்ளன. 1938 இல் அக்குழுவுக்காக இலங்கை அரசியல் யாப்புச் சீர்திருத்தம் பற்றி அவர் எழுதிய குறிப்பிலே, சிறுபான்மையினரின் பாதுகாப்பை முன்னிட்டு, அதிகாரப் பரவலாக்கலையோ சுவிற்சர்லாந்தைப் போன்ற சமஷ்டி முறையையோ ஆராயலாம் என்று யோசனை கூறினார். சுதந்திரத்துக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர்!

அவருடைய யாழ்ப்பாண வாழ்வில் இன்னொரு நிகழ்ச்சி. குதிரைமீது சென்ற வுல்ப் தம்மைச் சவுக்கால் முகத்தில் அடித்தார் என்று தமிழ்ச் சட்டத்தரணி ஒருவர் குற்றஞ்சாட்ட, யாழ்ப்பாணத் தமிழ்ச் சங்கத்தார் தேசாதிபதிக்கு முறையிட்டனர். 1961 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் வுல்ப் அதை மறுக்கிறார். உடன்வந்த அரசாங்க அதிபருக்குத் தெருவோரக் கட்டடம் ஒன்றைச் சவுக்கால் சுட்டிக்காட்டியதாகவும், அவ்வேளை வண்டியில் வந்தவர் தவறாக விளங்கிக்கொண்டார் என்றும் எழுதுகிறார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. அவர்களுடைய ஊரின் பெருந்தெருவில் தாம் அப்படிக் குதிரைமேல் அமர்ந்திருந்ததே அவர்கள் முகத்தில் அறைந்ததற்குச் சமம் என்ற ஐயம் அன்று மனத்தில் எழுந்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். நேர்மையான வாக்குமூலம்தான். ஆயினும் ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு தரப்பு மட்டும் சொல்லும் வாக்குமூலம். அந்தச் சட்டத்தரணி அன்றிரவு வீட்டிலே என்ன எழுதினார், யாருக்குக் கடிதம் போட்டார்? அவருடைய தாள்கள் எந்தக் காப்பகத்தில் உள்ளன?

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்ததை நாம் மறக்கவில்லை. தீயில்லாமலே அழிந்தவற்றுக்கோ கணக்கில்லை. என்னிடம் படித்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் பாட்டனாரின் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். பாட்டனார் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர். நாள்தோறும் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாராம். பெட்டிக்குள் இருந்தவை ஐந்து காணி உறுதிகளும் ஒரு சாதகமும் மட்டுமே. கொப்பிகள் எங்கே என்று கேட்டேன். இடம்பெயர்ந்தபோது பாரம் கூடிவிட்டது என்று ஆச்சி எடுத்துப் போட்டுவிட்டாராம்.

உறுதிகளைப் பொலித்தீனில் சுற்றி, நூலால் கட்டி, பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள்.