சட்டம் தேர்ந்தெடுத்த தோட்டா

*தற்காப்புத் துப்பாக்கி வாங்குபவருக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் தேர்வு கொஞ்சம்தான்*

லைசென்ஸோடு ஆயுதக் கடைக்குள் நுழைபவர், எந்த அளவுத் தோட்டா நல்லது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அரசு அதை எப்போதோ முடிவு செய்துவிட்டது. போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் 9 எம்.எம். பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம்; .38, .455 ரகங்களும் அப்படியே. கைத்துப்பாக்கியில் பெரும்பாலும் மிஞ்சுவது .32, அதைவிடச் சிறிய .22.

.32 ரிவால்வர் தோட்டா 19-ம் நூற்றாண்டுச் சரக்கு. 9 எம்.எம்.மின் வலு அதில் இல்லை. ஆனால் உதைப்பு குறைவு என்பதால், பழக்கமில்லாத கைக்கும் அடங்கும். .22-ல் உதைப்பு இன்னும் குறைவு. காயப்படுத்தும் திறனும் குறைவு. சில சமயம் தோட்டா வெடிக்காமல் சதி செய்யும்.

2012 டெல்லி கொடூரத்துக்குப் பிறகு, பெண்களுக்கென்றே ஒரு .32 ரிவால்வர் வந்தது. 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை அறிமுகம் செய்த அதன் பெயர் 'நிர்பீக்'. அச்சமற்றவர் என்று பொருள். எடை சுமார் 500 கிராம், கைப்பையில் அடங்கும். விலைதான் அடங்கவில்லை: அப்போதே ரூ. 1.22 லட்சம். இரவு பஸ்ஸில் வீடு திரும்பும் பெண்ணுக்கு எட்டாத தொகை.

வாங்க முடிந்தவருக்கும் சிக்கல் தீரவில்லை. தாக்குபவன் நெருங்கிய பின் பையைத் திறந்து, எடுத்து, குறிபார்க்கச் சில நொடிகள்கூடக் கிடைக்காமல் போகலாம். அந்த நொடியில் கைகொடுப்பது தோட்டாவின் அளவல்ல, பயிற்சி. சுட்ட பிறகும் சட்டம் விடாது. தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதாவும் யாருக்கும் தரவில்லை.