கம்ப்யூட்டரில் ஒரு நாவல்: டைப் செய்தது முதல் அச்சானது வரை

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாருக்கும் ஓர் ஆசை வரும். சிலர் குடும்பப் போட்டோக்களை ஒழுங்குபடுத்துவார்கள். சிலர் வீட்டுக் கணக்கை எக்செல்லில் ஏற்றுவார்கள். ஒரு சிலர் மட்டும் யாருக்கும் சொல்லாமல் புதிய டாகுமெண்ட் ஒன்றைத் திறந்து "அத்தியாயம் 1" என்று டைப் செய்து பார்ப்பார்கள். நான் அந்த ஒரு சிலரில் ஒருவன். இதைப் படிக்கும் உங்களிலும் சிலர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் ஒரு சாப்ட்வேர் என்ஜினியர். வயது 28. வீடு மயிலாப்பூரில், அலுவலகம் பழைய மாமல்லபுரம் சாலையில். இரவு 10 மணிக்கு மேல்தான் எழுத நேரம் கிடைக்கும். என் நாவலின் நாயகர் என் தாத்தா. மயிலாப்பூரில் ஒரு சிறிய அச்சகத்தில் 30 ஆண்டுகள் ஈய எழுத்துகளைக் கோர்த்த கம்பாஸிட்டர். இப்போது அவருக்கு 84 வயது. ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. அவரால் படிக்க முடிகிறபோதே புத்தகம் அவர் கைக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

திருவல்லிக்கேணியில் ஒரு முன்னோடி

எழுதத் தொடங்கும் எல்லாரும் நினைப்பது, "நம்மைப் போலக் கஷ்டப்பட்டவர் யாரும் இல்லை" என்று. அப்படி நினைக்கும்போதெல்லாம் நான் சி.சு. செல்லப்பாவை நினைத்துக்கொள்வேன். 1912-ல் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1959-ல் "எழுத்து" என்ற இலக்கியப் பத்திரிகையைத் தொடங்கினார். எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் திருவல்லிக்கேணியில்தான் வாழ்ந்தார். புத்தகங்களையும் அவரே பதிப்பித்தார். அவற்றை மூட்டையாகக் கட்டிச் சுமந்துகொண்டு, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார்.

இத்தனைக்கும் அவர் புதியவர் அல்ல. "வாடிவாசல்" எழுதியவர். அப்படியிருந்தும் சுதந்திரப் போராட்டத்தைப் பற்றி அவர் எழுதிய "சுதந்திர தாகம்" என்ற மூன்று பாக நாவல், 1990களின் பிற்பகுதியில், அவருடைய 80 வயதுக்கு மேல்தான், அதுவும் அவருடைய சொந்த முயற்சியில்தான் வெளிவந்தது. 1998 டிசம்பரில் அவர் காலமானார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. வாங்க அவர் இல்லை.

எழுதியதைத் திருத்துவது, அச்சிடுவது, வாசகரிடம் சேர்ப்பது என்று மூன்று சுமைகள் அவருக்கு இருந்தன. கம்ப்யூட்டர் இதில் எதைக் குறைத்திருக்கிறது, எதைக் குறைக்கவில்லை என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் யூனிகோட்

நாவலை யூனிகோட் முறையில்தான் டைப் செய்ய வேண்டும். விண்டோஸில் செட்டிங்ஸ் சென்று, மொழிகள் பகுதியில் தமிழைச் சேர்த்துவிட்டால் போதும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். "அம்மா" என்பதை ஆங்கில எழுத்துகளின் ஒலியை வைத்து டைப் செய்யும் முறையும் உண்டு, தமிழ் 99 முறையும் உண்டு. தமிழ் 99 என்பது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட கீபோர்டு. பழக ஒரு வாரம் ஆகும். பிறகு விரல்களுக்கு வேலை குறைவு. பல நூறு பக்கங்கள் டைப் செய்யப் போகிறவர்களுக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன்.

40 முறை திருத்திய முதல் அத்தியாயம்

என் முதல் ஆறு மாதங்கள் இப்படித்தான் போயின. தினமும் பைலைத் திறப்பேன். முதல் அத்தியாயத்தைப் படிப்பேன். ஒரு வரியை மாற்றுவேன். மறுபடி படிப்பேன். மணி 12 ஆகிவிடும். முதல் அத்தியாயம் பளபளத்தது. இரண்டாவது பிறக்கவே இல்லை.

தாத்தாவிடம் சொன்னபோது சிரித்தார். "எங்க காலத்துல ஒரு வார்த்தை விட்டுப்போச்சுன்னா, அந்த வரியப் பிரிச்சு, அடுத்த வரியத் தள்ளி, பத்தி முடியிற வரைக்கும் மறுபடி கோக்கணும்டா. அதனால எழுதுறவங்க யோசிச்சுக் குடுப்பாங்க. உனக்கு அழிக்கிறது சுலபம். அதான் நகர மாட்டேங்குறே" என்றார்.

அன்று முதல் ஒரு விதி வைத்துக்கொண்டேன். முழு நாவலும் முடியும்வரை பின்னால் போய்த் திருத்துவதில்லை. ஒவ்வொரு நாளும் முந்தின நாள் விட்ட இடத்தில் தொடங்க வேண்டும். ஒன்பது மாதங்களில் முதல் வரைவு முடிந்தது.

திருத்தும் கட்டத்தில்தான் கம்ப்யூட்டர் நல்ல உதவியாளர். கண்ட்ரோல் கீயுடன் எஃப் தட்டி "திடீரென்று" என்று கொடுத்துப் பார்த்தேன். 214 இடங்கள்! ஒரு கம்பாஸிட்டரின் அமைதியான வாழ்க்கையில் இத்தனை திடீர்களா? அதில் 200-ஐ எடுத்துவிட்டேன். கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு செல்லச் சொல் இருக்கும். தேடிப் பாருங்கள். ஆனால் "ரீப்ளேஸ் ஆல்" மட்டும் வேண்டாம். ஒவ்வொரு இடமாகப் படித்து முடிவு செய்யுங்கள். எத்தனை முறை என்று கம்ப்யூட்டர் சொல்லும். எது தேவை என்று அதற்குத் தெரியாது.

இன்னொரு பாடம் சற்று வலித்தது. ஓர் அத்தியாயத்தைப் பாதியாக வெட்டி, அதே பைலில் சேவ் செய்து மூடிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, வெட்டியதுதான் நல்ல பகுதி என்று புரிந்தது. அது போனது போனதுதான். இப்போது ஒவ்வொரு வரைவையும் "சேவ் அஸ்" கொடுத்து, தேதியுடன் புதிய பெயரில் வைக்கிறேன். ஒரு பிரதி கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று கூகுள் டிரைவில்.

பதிப்பகங்களின் வாசலில்

தி.நகரிலும் மயிலாப்பூரிலும் பதிப்பகங்களுக்குக் குறைவில்லை. நான்கு இடங்களுக்கு அனுப்பினேன். இரண்டிலிருந்து பதில் இல்லை. ஒருவர் ஏழு மாதம் கழித்து, "அடுத்த புத்தகக் காட்சிக்குப் பார்க்கலாம்" என்றார். ஜனவரியை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியை வைத்துத்தான் இங்கே பெரும்பாலான புத்தகங்கள் திட்டமிடப்படுகின்றன. அதில் தவறில்லை. ஆனால் தாத்தாவின் கண் அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்குமா? நான்காமவர் உடனே சம்மதித்தார், நான் பணம் கொடுத்தால்! எத்தனை பிரதி, உரிமை யாருக்கு என்று கேட்டேன். தெளிவான பதில் இல்லை.

பணம் கேட்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது அச்சிடும் செலவு உங்களுடையது. எனவே பிரதிகளின் எண்ணிக்கை, விலை, காப்புரிமை மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி நூலின் காப்புரிமை எழுதியவரின் வாழ்நாளுக்கும், அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்பதும் இல்லை.

கடைசியில் செல்லப்பா வழியில் நானே அச்சிட முடிவு செய்தேன். ஆப்செட் முறையில் பிளேட் செலவு இருப்பதால் நூற்றுக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் 10 பிரதிகூட அடிக்கலாம். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. நான் 100 பிரதிகள் அடித்தேன்.

காணாமல் போன கௌரி

அச்சகத்தில் ஒரு சிக்கல். அவர்கள் பழைய பாண்ட் முறையில் பக்கம் அமைப்பவர்கள். என் யூனிகோட் பைலை மாற்றி, திருத்தங்களையும் அதிலேயே செய்தார்கள். பிறகு மின்னூலுக்காக அதை மறுபடி யூனிகோடுக்கு மாற்றினேன். பாட்டியின் பெயர் "கௌரி". தேடினால் ஓரிடத்திலும் இல்லை! பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

காரணம் இதுதான். பழைய பாண்ட்களில் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தால் போதும். ஔகாரத்தின் பின்பகுதிக்கும் "ள" எழுத்துக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். யூனிகோடில் இரண்டும் வேறு வேறு. மாற்றும்போது "கௌரி", "கெளரி" ஆகிவிட்டாள். எனவே பாண்ட் மாற்றிய எந்தப் பைலையும் முதலிலிருந்து முழுவதும் படியுங்கள். ஔகாரச் சொற்கள், மேற்கோள் குறிகள், இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

தாத்தாவின் பென்சில்

அச்சுக்குப் போகும் முன் ஒரு பிரிண்ட் எடுத்துத் தாத்தாவிடம் கொடுத்திருந்தேன். பூதக்கண்ணாடியுடன் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாளைக்கு ஐந்து பக்கம் என்று படித்தார். திரையில் நான் பத்து முறை படித்தும் விட்டுவிட்ட 17 பிழைகளைப் பென்சிலால் குறித்தார். 60-ம் பக்கத்தில், "இங்க நான் அழுதேன்னு எழுதியிருக்கே. நான் அழலை. அச்சகத்த மூடின அன்னிக்கு எழுத்தெல்லாம் கழுவி வெச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார். அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். நாவலில் உருப்படியான பக்கம் அதுதான்.

புத்தகம் வந்த அன்று கையில் கொடுத்தேன். முதலில் பைண்டிங்கைத் தடவிப் பார்த்தார். பிறகு அச்சகத்தின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினார். "பரவாயில்லை, மார்ஜின் நேரா வந்திருக்கு" என்றார்.

அச்சிடும் சுமையைக் கம்ப்யூட்டர் பாதிக்கு மேல் குறைத்துவிட்டது. திருத்தி எழுதுவதும், வாசகரைத் தேடிப் போவதும் அப்படியேதான் இருக்கின்றன. நூறில் 58 பிரதிகள் போயிருக்கின்றன. அலுவலகப் பையில் எப்போதும் ஐந்து பிரதிகள் வைத்திருக்கிறேன். செல்லப்பா சுமந்த மூட்டையை நினைத்தால் இது ஒரு கனமே இல்லை.

நீங்களும் இன்றிரவு ஒரு டாகுமெண்ட்டைத் திறங்கள். பைலுக்குப் பெயர் வையுங்கள், தேதியோடு. "அத்தியாயம் 1" என்று டைப் செய்யுங்கள். நாளைக்கு அதைத் திருத்தாமல், அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.