உலோகங்காட்டியும் உப்பு நீரும்

இரயில் நிலையங்களிலும், பெரிய தலைவர்கள் வரும் மைதானங்களிலும் காவல் துறையினர் ஒரு நீண்ட தண்டின் நுனியில் தட்டுப் போன்ற வளையத்தைப் பொருத்தித் தரையைத் தடவிக்கொண்டே செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுவே மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகங்காட்டி. அது எவ்வாறு உலோகத்தைக் காட்டுகிறது என்று கேட்பவர் பலர். வேலை முடிந்தபின் அதை என்ன செய்கிறார்கள் என்று கேட்பவரைக் காணோம். வேதியியல் மாணவனாகிய எனக்கு இரண்டாவது கேள்வியே சுவையானதாகத் தோன்றுகிறது.

முதல் கேள்விக்குச் சுருக்கமாக விடை சொல்லிவிடுகிறேன். இயற்பியல் துறை நண்பர்கள் பொறுத்துக்கொள்க. தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் நொடிக்குச் சில ஆயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதன் காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு நாணயம் கிடந்தால் அதில் சுழல் மின்னோட்டம் தோன்றி, ஒரு சிறு எதிர்ப்புலத்தை உண்டாக்குகிறது. அதை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக மாற்றித் தருகிறது. மின்சாரத்தைக் கடத்தும் எந்தப் பொருளும் இந்தச் சுருளுக்கு ஓரளவு உலோகமாகவே தோன்றும். உப்பு நீரில் நனைந்த மணலும் அதில் அடக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம் நாட்டில் இது காவலர் கையில் இருக்கும் கருவி. இங்கிலாந்திலோ இது ஒரு பொழுதுபோக்கு. விடுமுறை நாட்களில் வயல்களிலும் கடற்கரைகளிலும் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைவோர் அங்கு ஏராளம். 1992-இல் சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்னும் ஊரில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் வயலில் தவறவிட்ட சுத்தியலைத் தேடப் போய், ரோமானியர் காலத்துப் புதையல் ஒன்றைக் கண்டார். ஏறத்தாழ 15,000 நாணயங்கள்! சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. (இதைப் படித்து யாரும் மண்வெட்டியுடன் கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.)

அந்தப் பொற்காசுகள் சுமார் 1,600 ஆண்டுகள் மண்ணில் கிடந்தும் நிறம் மாறவில்லை. தங்கம் எளிதில் வினைபுரியாத உலோகமாயிற்றே! ஆனால் அதைத் தேடும் கருவியின் உறுப்புகள் அலுமினியம், செம்பு, எஃகு ஆகியவற்றால் ஆனவை. கடற்கரையில் ஒரு மாலை பயன்படுத்திவிட்டு அப்படியே மூலையில் சாய்த்து வைத்தால், தேடுகிற பொருளுக்கு இருக்கும் ஆயுளில் நூற்றில் ஒரு பங்குகூட அதற்கு இராது.

ஏன் அப்படி? ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. “காய்ந்துவிட்டது, இனிப் பயமில்லை” என்று எண்ணுவதுதான் தவறு. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு இன்னும் பொல்லாதது. அதற்கு 33 விழுக்காடே போதும். நம் கடற்கரை ஊர்களில் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது. ஆகவே, கழுவாமல் வைத்த கருவி காய்ந்ததுபோலத் தோன்றினாலும், திருகுகளின் இடுக்கிலும் மின்முனைகளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கும். இரண்டு வேறு உலோகங்களும் நடுவே ஒரு மின்பகுளியும் சேர்ந்தால் அது மின்கலம் என்று முதலாண்டிலேயே படித்தோம். அந்த மின்கலத்தில் கரைவது நம் கருவியின் உடல். படலம் மெல்லியதாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் எளிதில் உள்ளே நுழைகிறது. நீரில் முழுதாக மூழ்கிக் கிடப்பதைவிட இந்த நிலையில் அரிமானம் வேகமாக நடக்கும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா குமரிக் கடலில் வள்ளம் ஓட்டுபவர். கரைக்கு வந்ததும் அவர் எஞ்சினை ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் இறக்கிச் சற்று நேரம் ஓடவிட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார். குடிநீருக்கு வரிசையில் நிற்கும் ஊரில் எஞ்சினுக்கு இத்தனை குடமா என்று அம்மா முணுமுணுப்பார். “உப்பு கடல்ல வச்சுத் தின்னாது மக்களே, வீட்டுல வச்சுத்தான் தின்னும்” என்பது அப்பா எனக்குச் சொன்ன விளக்கம். மேலே நான் எழுதிய ஒரு பத்தியும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது. கடன்பட்டு வாங்கிய எஞ்சின் அது. அடுத்த எஞ்சினுக்கு வழியில்லாதவர்களே இந்தப் பாடத்தை முதலில் கற்கிறார்கள் போலும்.

உலோகங்காட்டிக்கும் மருந்து அதே நல்ல தண்ணீர்தான். ஆனால் எஞ்சினைப் போல முழுதாக அமிழ்த்திவிடக் கூடாது. தட்டு பெரும்பாலும் நீர் புகாதது, தாராளமாகக் கழுவலாம். மின்னணுப் பெட்டி நீர் புகாதது என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் மட்டுமே அதன்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்போதும் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே ஊற்ற வேண்டும். மற்றப் பெட்டிகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். குழாயால் பீய்ச்சி அடிப்பது கூடவே கூடாது. அசையாத நீரின் அழுத்தத்தைத் தாங்கும் ரப்பர் வளையம், வேகமாகப் பாயும் நீரைத் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

தட்டின் அடியில் தேய்மானத்தைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பலர் அதைக் கழற்றுவதே இல்லை. தட்டுக்கும் மூடிக்கும் இடையே ஈரமணல் சேர்ந்துவிடுகிறது. இரும்புத்தாது கலந்த கருமணலாக இருந்தால் இன்னும் மோசம். முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இங்கே உதவுகிறது. அந்த மணல் சுருளுக்கு மிக அருகில் இருப்பதால், கருவி ஒன்றுமில்லாத இடத்திலும் கத்தத் தொடங்கும். பயன்படுத்துபவர் எரிச்சலடைந்து உணர்திறன் திருகைக் குறைப்பார். கத்தல் நிற்கும், கூடவே, ஆழத்தில் கிடக்கும் பொருளும் கேட்காமல் போகும். முழுதாகப் பழுதான கருவியை யாரும் நம்பப் போவதில்லை. அரைகுறையாகப் பழுதானது வேலை செய்வதுபோலவே நடித்துக்கொண்டிருக்கும்.

நீட்டிச் சுருக்கும் தண்டையும் கழற்றி, உள்ளிருக்கும் மணலை நீரால் வெளியேற்ற வேண்டும். அழுக்குப் போகாவிட்டால் சிறிது சோப்பு நீர் போதும். நம் ஆய்வகத்தில் குடுவை கழுவும் அசிட்டோனை நினைத்தும் பார்க்காதீர்கள். இத்தகைய பெட்டிகள் பல ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அசிட்டோன் அதைக் கரைத்துவிடும். கழுவியபின் நிழலில் காற்றாட உலர்த்திவிட்டுத்தான் பையில் வைக்க வேண்டும்.

மின்கலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரவகை மின்கலத்தில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அது கசிந்து, காற்றின் கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து வெண்ணிறப் பொருக்காகப் படியும். பஞ்சில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் நடுநிலையாக்கல் நடந்து பொருக்கு கரையும். பிறகு ஈரப்பஞ்சால் துடைத்து உலரவிட வேண்டும். இந்த வேலையே வராமலிருக்க, கலங்களை முன்பே கழற்றி வைப்பது நல்லது.

பொழுதுபோக்குக்காரருக்குக் கருவி ஏமாற்றினால் ஒரு நாணயம் போகும். இலங்கையின் வடக்கே முகமாலைப் பகுதியில் நிலைமை வேறு. போர் 2009-இல் முடிந்தது. மண்ணுக்குள் கண்ணிவெடிகள் தங்கிவிட்டன. அவற்றை அகற்றும் பணியில் தமிழ்ப் பெண்கள் பலர் ஈடுபட்டு வந்திருக்கிறார்கள். பல கண்ணிவெடிகளின் உடல் பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் உலோகம் மிகச் சொற்பம். அங்கே உணர்திறன் சிறிது குறைந்தாலும் போவது ஒரு காலாக இருக்கலாம். அதனால்தான் இப்பணியில், வேலையைத் தொடங்குமுன், தெரிந்த ஆழத்தில் வைத்த ஒரு மாதிரி உலோகத்தின்மேல் கருவியைப் பிடித்து ஒலி வருகிறதா என்று சோதிப்பது வழக்கம். ஒலி வராத கருவி களத்துக்குள் போகாது.

இச்சோதனையை யாரும் செய்யலாம். கழுவி உலர்த்திய கருவியை உலோகம் இல்லாத மேசைமேல் வைத்து, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைத் தட்டுக்கு எதிரே மெல்ல அருகில் கொண்டுவர வேண்டும். எத்தனை செ.மீ. தூரத்தில் ஒலி கேட்கிறது என்று அளவுகோலால் அளந்து, தேதியோடு குறித்து வைக்க வேண்டும். திருகுகள் எப்போதும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். நாணயமும் அதே நாணயமாக இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து அந்தத் தூரம் குறைந்திருந்தால், மின்கலங்களை மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாகாவிட்டால் தட்டின் கம்பி பெட்டியில் சேரும் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். உப்பு உள்ளே புகுந்திருந்தால் செப்புமுனைகளில் பச்சை படர்ந்திருக்கும்.